தீக்கு முந்தைய பால்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் அணு உலை விரிந்து கிடந்தது. என் மகள் மல்லிகா வெள்ளை அட்டையில் வரைந்தது. அவள் படிக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சியாம், ஆளுக்கு ஒன்று கொண்டுபோக வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் எரிமலை, இதயம், நீராவி ரயில் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டு மகராசி மட்டும், ஐம்பத்தேழாம் வருஷம் இங்கிலாந்தில் தீப்பிடித்த ஓர் அணு உலையைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

சிங்கப்பூரில், தோ பாயோ என்ற பேட்டையில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த இந்த அடுக்குமாடி வீட்டில், கூடத்தைத் தாண்டாமல் சமையலறைக்குப் போக முடியாது. அட்டையை மடித்து வை என்று சத்தம் போடத்தான் குனிந்தேன். உயரமான ஒரு புகைபோக்கி, அதிலிருந்து சாய்வாகப் போகும் காற்று, கீழே புல், புல்லை மேயும் ஒரு மாடு, பக்கத்தில் பால் புட்டியோடு ஒரு குழந்தை. குழந்தையின் கழுத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நாக்கு நீளம் என்று நாகப்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரியும். கப்பலேறி வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அது ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் பத்து வருஷம் வைத்திருந்தேன். அந்தத் தீயிலிருந்து வெளியேறிய விஷத்தில் ஒரு துளிகூடச் சிங்கப்பூருக்கு வரவில்லை. ஆனாலும் அந்தத் தீயால் என் வீட்டில் ஓர் உயிர் போனது. ஊரில் இருக்கும் நீங்கள், வெளிநாட்டில் நாங்கள் சொகுசாக இருப்பதாக நினைக்கிறீர்கள். அதனால் இதை உங்களுக்கு எழுதத் தோன்றியது.

2

அப்போது நாங்கள் நம் ஆட்கள் நிறைய இருக்கும் தேக்காவில், எருமைத் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். ஒரு மாடிக்கு ஐந்து குடும்பம், ஒரே சமையலறை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் கணக்கு எடுப்பார். பேசாத மனிதர். எண்ணி எண்ணிப் பேச்சையும் எண்ணித்தான் விடுவார் என்று நான் கேலி செய்வேன்.

இவருடைய அண்ணன் பக்கத்துத் தெருவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. இவரைப் பதினாறு வயதில் இங்கே கூட்டி வந்து, சோறு போட்டு, துறைமுகத்தில் ஆள் பிடித்து வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அண்ணன் பேசும்போது இவர் நின்றுகொண்டுதான் கேட்பார். அண்ணன் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை எங்கள் குடும்பத்தில் கிடையாது. எனக்கு அது பிடித்தே இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அந்நிய ஊரில் நமக்கென்று ஒரு பெரியவர் இருக்கிறாரே என்ற தெம்புதான்.

மல்லிகாவுக்கு அப்போது மூன்று வயது. அந்த வருஷம் எனக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தான். பிறந்த சில வாரத்தில் எனக்கு மார்பில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். காய்ச்சலோடு பாலும் வற்றிப் போனது. டாக்டர் அம்மா இங்கிலாந்து பால் மாவு எழுதிக் கொடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்குவான். மூன்று மாதத்தில் கன்னம் உப்பி, கையில் மடிப்பு விழுந்து, பக்கத்து அறைச் சீனத்தி தூக்கிக்கொண்டு போனால் திருப்பித் தரமாட்டாள். அவன் சிரித்தால் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காத நாள் எனக்கு இல்லை.

3

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மாமா தினமும் சாயங்காலம் கீழே மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். நான் மாடி ஜன்னலில் இருந்து கேட்பேன். அன்றைக்கு அவர் குரல் மாறியது. இங்கிலாந்தில் அணு உலையில் தீப்பிடித்துவிட்டது, விஷம் காற்றில் கலந்து புல்லில் இறங்கிவிட்டது, அந்தப் பக்கத்து மாட்டுப் பாலையெல்லாம் அரசாங்கமே கீழே கொட்டுகிறது என்று படித்தார்.

"என்ன விஷம் வாத்தியாரே?" என்று ஒருவர் கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாது. மணம் கிடையாது, ருசி கிடையாது. தீட்டு மாதிரின்னு வெச்சுக்குங்க. தொட்டதுலேருந்து தொட்டதுக்குப் போகும். புல்லைத் தொட்டு மாட்டுக்கு, மாட்டைத் தொட்டுப் பாலுக்கு, பாலைத் தொட்டுப் பிள்ளைக்கு. பிள்ளையோட தொண்டையில போய் உட்கார்ந்துக்கும்."

"நல்லாக் காய்ச்சினா?"

"காய்ச்சினாலும் போகாது."

அவர் படித்ததிலும் சொன்னதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இதை இன்றைக்கும் சொல்லுவேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் நேராக மாடி ஏறி வந்தார். பின்னாலேயே கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் வந்தார்கள். என் அலமாரியில் உடைக்காத டின் நான்கு, உடைத்தது ஒன்று. "எடும்மா எல்லாத்தையும்," என்றார்.

"மாமா, டாக்டரம்மா இதைத்தானே எழுதிக் குடுத்தாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"டாக்டரும் வெள்ளைக்காரி, டின்னும் வெள்ளைக்காரன். அவன் ஊர்ல கொட்டுறான், நமக்கு விக்கிறான். நம்ம பிள்ளைக்கு நம்ம தெரு மாட்டுப் பால் இருக்கு."

கீழே கடையில் ஆஸ்திரேலியா டின்னும் இருந்தது. அதை ஒருவர் சொன்னதற்கு, எல்லாம் ஒரே கூட்டத்து மாடுதான் என்று முடித்துவிட்டார். ஐந்து டின்னையும் தெருவோரச் சாக்கடையில், இங்கே லோங்காங் என்று சொல்வோம், அவர் கையாலேயே கொட்டினார். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக ஓடியது. தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் கொட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் பெரிய பிள்ளைகள். என்னுடையவனுக்குத்தான் வேறு போக்கு கிடையாது.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

4

எருமைத் தெருவில் அப்போது மாடு வைத்திருந்தவர்கள் நிறைய. பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து, நம் கண் முன்னால் கறந்து கொடுப்பார். கண்ணால் பார்த்த பாலுக்கு மேல் சுத்தமான பால் ஏது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். பையன் முதல் நாளே கக்கினான். மறுநாள் வயிற்றால் போனது. ஓமத்தண்ணீர் கொடுத்தேன், வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தேன். பழகிவிடும், பழகிவிடும் என்றார்கள். ஒரு வாரத்தில் கன்னம் வற்றியது. இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது.

நடுவில் வந்த தீபாவளியன்று மாமா அவனுக்குப் பட்டுத் துணியில் ஒரு சட்டை தைத்து வாங்கி வந்தார். மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். "இளைச்சாலும் பரவாயில்லம்மா, விஷம் உள்ள போகல பாரு," என்றார். அவருக்கு என் பிள்ளைமேல் உயிர். அதுதான் பிறகு என் வாயை அடைத்தது.

கடைசியில் நானே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அம்மா பிள்ளையின் உச்சிக்குழியை விரலால் தொட்டுப் பார்த்தார், பள்ளமாக இருந்தது. இங்கிலீஷில் என்னவோ கத்தினார். தாதி மலாயில் சொல்ல, மலாய் தெரிந்த ஆயா தமிழில் சொன்னாள்: "ஏன் பாலை மாத்தினேன்னு கேக்குறாங்க." இங்கிலாந்தில் தீ என்று நான் தமிழில் சொன்னேன். அது ஆயா வழியாக, தாதி வழியாக அவரிடம் போய்ச் சேர்வதற்குள் என் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் விடிந்து, வெயில் வந்த பிறகு, போய்விட்டான்.

பிடாடாரி இடுகாட்டுக்கு மாமாதான் கையில் ஏந்திக்கொண்டு போனார். இவர் பின்னால் நடந்தார். இறப்பைப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா, காரணம் என்ற இடத்தில் வயிற்றுநோய் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதினாராம். ஒரே வார்த்தை, அத்தோடு சரி.

5

அது நடந்து சில நாளில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பயணி கையில் என் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே வெள்ளி அரைஞாண், கழுத்தில் போட ஒரு கறுப்பு மணி. பேரன் குண்டாக இருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, இறுக்காமல் தளரவே செய்யச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுதபடியே ஒன்று நினைத்தேன். அம்மா ஆசாரியிடம் வெள்ளியைக் கொடுத்த நாளில் என் பிள்ளை குண்டாகத்தானே இருந்தான். இது அப்போது செய்த பொருள். இங்கே நடந்தது எதுவும் இதற்குத் தெரியாது. கடலில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. தீப்பிடித்த செய்தி தந்தியில் வந்தது, ஒரே நாளில். பால் கப்பலில் வருகிறது. ஒரு மாதம் கடலில், அப்புறம் கிடங்கில், அப்புறம் கடையில். மாமா கொட்டிய டின்னில் இருந்தது தீக்கு முந்தைய பால். அந்த மாடுகள் மேய்ந்தபோது புல் பச்சையாக, சுத்தமாகத்தான் இருந்தது. கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். தந்தி முன்னால் வரும், கடிதம் பின்னால் வரும் என்பது எங்களுக்குச் சோறு தின்பதுபோல் பழகிய விஷயம். அதைப் பாலுக்குப் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

மாமா வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். அவர் அந்தப் பட்டுச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். சொன்னால் அந்த மனிதர் அன்றைக்கே தூக்கில் தொங்குவார். இவரிடம் சொன்னால் இவருக்கு அண்ணனும் இல்லாமல் போவார், பிள்ளையும் இல்லை. இரண்டு ஆண்களைக் காப்பாற்ற ஒரு பொம்பளை வாயை மூடிக்கொண்டால் போகிறது என்று முடிவு செய்தேன்.

மல்லிகாவுக்கும் சொல்லவில்லை. மூன்று வயதில் அவளுக்கு என்ன நினைவிருக்கும்? போன வருஷம் அடையாள அட்டைக்காக ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். நான் இரண்டு என்றேன். இவர் ஒன்று என்றார். உயிரோடு இருப்பது மட்டும் போதும் என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

6

மாமா இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவார். ஓய்வு பெற்றுவிட்டார், கண் மங்கல். போன ஞாயிறும் வந்தார். அண்ணனும் தம்பியும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மல்லிகா அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இங்கிலீஷும் இந்த ஊர் 'லா'வும் கலந்த அவள் தமிழைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குச் சில நாள் அழுகை வரும்.

"பெரியப்பா, பாருங்க லா. இது யுரேனியம் ராட். அலுமினியம் டின்ல போட்டு, கிராஃபைட்ல ஓட்டை போட்டு உள்ள தள்ளி வெச்சிருப்பாங்க. ரொம்ப ஹீட் ஆகும். அதான் பெரிய ஃபேன் வெச்சு காத்து அடிப்பாங்க. அந்தக் காத்து அப்படியே சிம்னி வழியா வெளிய போயிரும்."

"வெளியவேவா? மூடி எதுவும் கிடையாதா?" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லம்மா, ஓபன்தான். மேல ஃபில்டர் மட்டும் வெச்சிருந்தாங்க. ஒரு நாள் உள்ள ஓவர் ஹீட் ஆகி டின் வெடிச்சு, யுரேனியம் எரிய ஆரம்பிச்சிடுச்சு. ஃபேன் போட்டா ஆறும்னு போட்டாங்க, இன்னும் நல்லா எரிஞ்சுச்சு. அப்புறம் தண்ணி விட்டு, ஃபேனை நிறுத்தித்தான் அணைச்சாங்க. தூசி மாதிரி இருக்கிறதை எல்லாம் ஃபில்டர் நெறைய புடிச்சிடுச்சு. ஆனா அயோடின் கேஸ் மாதிரி லா, அது புகுந்து போயிடுச்சு. காத்து, புல், மாடு, பால், பேபி."

"அயோடின்," என்றார் மாமா. வாத்தியார் குரல் வந்துவிட்டது. "அப்பவே பேப்பர்ல படிச்சேன் பாப்பா. தெருவுக்கே நான்தான் எடுத்துச் சொன்னேன். காய்ச்சினாலும் போகாது, இல்லையா?"

"கரெக்ட் பெரியப்பா, போகாது."

அவர் முகம் மலர்ந்தது. இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மல்லிகாவைச் சமையலறைக்கு அனுப்ப, "அப்பளம் எடுத்துட்டு வா," என்றேன்.

"வெயிட்மா. காய்ச்சினா போகாது, ஆனா தானாப் போயிடும். எட்டு நாள்ல பாதி. இன்னொரு எட்டு நாள்ல அதுல பாதி. வேற சிலது ரொம்ப வருஷம் நிக்கும், அது தனி. அயோடின் மூணு மாசத்துல ஒண்ணுமே இல்ல."

சோற்றைப் பிசைந்த மாமாவின் கை நின்றது. "அப்போ டின்னுப் பாலு?"

"எந்த டின்?"

"அங்கேருந்து கப்பல்ல வந்த டின்னு. தீப்பிடிச்ச வாரம் நம்ம கடையில இருந்தது."

மல்லிகா சிரித்தாள். "அது எப்பவோ வந்த பழைய பால் லா, பெரியப்பா. தீ வர்றதுக்கு முன்னாடி போட்டது. அதுல என்ன இருக்கும்? அதையெல்லாமா தூக்கிப் போட்டாங்க?"

மாமா தம்பியின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ கப்பல் சரக்கு எண்ணுறவன். பாப்பா சொல்றது சரியா?"

"சரிதாண்ணே," என்றார் இவர். பிறகு, தலை நிமிராமல், "எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

என் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. "எப்போ?" என்று கேட்டேன்.

"மறுநாளே. கிடங்குல அதே டின்னுப் பெட்டி இருந்துச்சு. ஆகஸ்ட்ல வந்த சரக்கு, நான்தான் எண்ணி இறக்கினேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அண்ணன் அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் போய் எப்படிப் பேச? ஒரு வாரம் போகட்டும், அண்ணன் கோபம் ஆறட்டும், மெதுவா வாங்கிட்டு வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"சொல்லியிருக்கலாமேடா," என்றார் மாமா. "என் கன்னத்துல அறைஞ்சு சொல்லியிருக்கலாமே." எச்சில் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். அந்த வயதான மனிதர் உடம்பு குலுங்க அழுதார்.

மல்லிகா மிரண்டுபோய், "என்னம்மா, நான் என்ன சொன்னேன்? பெரியப்பா ஏன் அழறாங்க?" என்றாள். உன்மேல் தப்பில்லை, உனக்கு ஒரு தம்பி இருந்தான், அப்புறம் சொல்கிறேன், போய் உள்ளே உட்கார் என்றேன். அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

நான் பத்து வருஷம் இரண்டு பேரைக் காத்ததாக நினைத்திருந்தேன். ஒருவருக்குத்தான் காவல் தேவைப்பட்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் விடியும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே இந்த மனிதர், அப்போதும் அவருக்குத் தெரியும். நான் வசம்பு உரைத்தபோது தெரியும். பிடாடாரியில் மண் போட்டபோது தெரியும். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். பதினைந்து வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதரைப் பற்றி இப்படி எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

மாமாவின் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். "சாப்பிடுங்க மாமா. உங்களுக்குத் தெரியாது. தெரியாமத்தான் செஞ்சீங்க," என்றேன். சூடாக இன்னொரு கரண்டி சோறு போட்டு, அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றினேன். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

இவரும் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். நான் பானையை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.